பின்வளவில் நிற்கும் மண்ணிறப் பறவை: வல்லூற்றுக் குஞ்சா, பருந்துக் குஞ்சா?

கிணத்தடி_வேம்பு:

யாழ்ப்பாணம், கோண்டாவில். மூண்டு நாளா விடிய ஆறரைக்கும் பின்னேரம் அஞ்சு மணிக்கும் கோடிப்பக்க மாமரத்தில ஒரு பறவை வந்து நிக்குது. காகத்திலும் பார்க்கச் சின்னன், மைனாவிலும் பார்க்கப் பெரிசு. முதுகு மண்ணிறம். நெஞ்சு வெள்ளை, அதில மேலயிருந்து கீழ மண்ணிறத் துளிகள் ஒழுகின மாதிரி இறங்குது. வால் நீட்டு, கறுத்தப் பட்டி நாலோ அஞ்சோ தெரியுது. கண்ணும் காலும் மஞ்சள். அலகு கொளுக்கி மாதிரி. விட்டு விட்டு 'கீ-யீ, கீ-யீ' எண்டு கத்திக்கொண்டே இருக்கும். அது வந்தால் அணிலுகள் தண்டோட ஒட்டி வாலை அடிச்சுக் கத்துதுகள். நேற்று கிணத்துக்கட்டில நிண்ட ஓணானுக்குப் பாய்ஞ்சு தவற விட்டுட்டுது.

கைத்தொலைபேசியில எடுத்த படம் மங்கல். பறவையை அடையாளம் காட்டுற மெர்லின் செயலி ஷிக்ரா எண்டும் பெஸ்ரா எண்டும் ரெண்டு பேர் காட்டுது. பக்கத்து வீட்டு அம்மா பருந்துக் குஞ்சு எண்டு சொல்லுறா. வளவில பதினொரு கோழிக்குஞ்சு நிக்குது, மூண்டு கிழமை வயசு. இது என்ன பறவை, குஞ்சா வளர்ந்ததா, கோழிக்குஞ்சுகளை என்ன செய்யிறது எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பனங்கூடல்:

அடையாளத்துக்கு வேண்டியதில் முக்கால்வாசி உங்கள் எழுத்திலேயே இருக்கிறது. இது வல்லூறு. ஷிக்ரா என்பதும் இதுதான். தமிழ்நாட்டுப் பறவைப் புத்தகங்களில் வைரி என்று பார்ப்பீர்கள். இந்த வருடம் கூட்டை விட்டு இறங்கிய இளம் பறவை.

பருந்தை முதலில் தள்ளிவிடலாம், அளவு ஒன்றே போதும். வல்லூறு அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 30 முதல் 36 செ.மீ. ஊர்க்காகம் 40 செ.மீ. தாண்டும். செம்பருந்து அதிலும் பெரிது, கரும்பருந்து 60 செ.மீ. அளவுக்கு வரும். இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. 'பருந்துதான், ஆனால் குஞ்சு, அதனால்தான் சின்னதாக இருக்கிறது' என்று நினைப்பார்கள். இரைகொல்லிப் பறவைகளில் அப்படி இல்லை. கூட்டை விட்டுப் பறக்கத் தொடங்கும்போதே குஞ்சு ஏறத்தாழத் தாய் தகப்பன் அளவுக்கு வளர்ந்துவிடும். காகத்தை விடச் சின்னதாகப் பறந்து திரியும் பருந்துக் குஞ்சு என்று ஒன்று கிடையாது.

உட்கார்ந்திருக்கும்போது சிறகு நுனியையும் பாருங்கள். பருந்துக்கு மடித்த சிறகு வால் நுனியை எட்டுமளவுக்கு நீளும். வல்லூற்றுக்கு வாலின் நடுப்பகுதியோடு நின்றுவிடும், மீதி வால் வெறுமையாகத் தொங்கும். மரங்களுக்கு நடுவே வளைந்து பாய்கிற பறவைக்குக் குட்டைச் சிறகும் நீள வாலும் வேண்டும். வானத்தில் மணிக்கணக்காக மிதக்கிற பருந்துக்கு நீளச் சிறகு வேண்டும். பறப்பும் அப்படித்தான்: வல்லூறு நாலைந்து தரம் விறுவிறென்று சிறகடித்து, பிறகு சற்று வழுக்கி, மறுபடி அடிக்கும். கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும். செம்பருந்தின் இளம் பறவை முழு மண்ணிறமாக இருப்பதால் அதைக் கரும்பருந்து என்று சொல்வார்கள். அதன் வால் நுனி உருண்டை.

இனி வயது. நெஞ்சுக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. இளம் வல்லூற்றுக்கு நெடுக்காக, நீங்கள் சொன்னதுபோல் ஒழுகிய துளிகளாக இறங்கும். விலாவிலும் தொடையிலும் அவை புள்ளிகளாக உடையும். வளர்ந்ததற்கு செங்கல் நிறத்தில் மெல்லிய கோடுகள் குறுக்காக, நெருக்கமாக, சேலைக்கரை நெய்ததுபோல் கிடக்கும். முதுகும் மாறும்: இளமையில் மண்ணிறம், ஒவ்வொரு இறகின் ஓரமும் வெளிறியது, வளர்ந்தபின் சாம்பல். கண் இளமையில் வெளிர் மஞ்சள். வளர்ந்த ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சளோ செம்மஞ்சளோ. முதுகு சாம்பலாகத் திரும்பி, நெஞ்சின் மேற்பாதியில் குறுக்குக் கோடும் கீழ்ப்பாதியில் பழைய துளிகளும் கலந்து தெரிந்தால், அது ஒரு வயதளவில் இறகு மாற்றுகிற பறவை. உங்களுடையதில் அந்தக் கலப்பு இல்லை.

இறகில் இல்லாத அடையாளம் ஒன்றும் உண்டு. ஒரே மரத்தில் நின்று திரும்பத் திரும்பக் கத்துவது இரை கேட்கும் குஞ்சின் குணம். வளர்ந்த வல்லூறு வேட்டையாடும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கும். ஓணானைத் தவறவிட்டதும் வயதைத்தான் காட்டுகிறது.

செம்மண்_ஒழுங்கை:

பனங்கூடல் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எண்டாலும் அக்காக்குயிலைத் தள்ளாமல் முடிவு கட்டக் கூடாது. அதின்ர இளம் பறவையும் மண்ணிற முதுகு, துளி விழுந்த நெஞ்சு, பட்டி போட்ட நீள வால். பறக்கிற விதமும் வல்லூறு மாதிரியே. புலுனிகள் அதைக் கண்டால் வல்லூறெண்டு கலையும், அந்த இடைவெளியில புலுனிக் கூட்டில முட்டையிடும். பறவையையே ஏமாத்துற தோற்றம், மனுசரை ஏமாத்தாதா? பெட்டைக் குயிலையும் 'புள்ளி போட்ட வல்லூறு' எண்டு படம் போட்டுக் கேக்கிறவை நிறையப் பேர். அதுக்குக் கண் சிவப்பு, அலகு வெளிர் பச்சை, முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி.

அலகு வளைஞ்சது எண்டது தூரத்தில பார்த்துச் சொல்லுறதா இருந்தால் பிழைக்க இடமிருக்கு. கால் பிழைக்காது. வல்லூற்றுக்கு முன்னால மூண்டு விரல், பின்னால ஒண்டு, எல்லாத்திலும் கறுத்த நகம். குயில் குடும்பத்துக்கு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, கால் மெலிஞ்சு கட்டை. கொப்பில இருக்கேக்க முன்விரலை எண்ணுங்கோ. இன்னொண்டு, தாடைக்குக் கீழ, தொண்டை நடுவால ஒரு கோடு இறங்குதா எண்டு பாருங்கோ. அது முகத்துக்கு நேர நிண்டால்தான் தெரியும். பக்கத்தால எடுத்த படத்தில இருக்காது.

படம் மங்கலாகிறதுக்குக் காரணம் வெளிச்சம் பறவைக்குப் பின்னால இருக்கிறது. காலமை எண்டால் நீங்கள் மரத்துக்குக் கிழக்குப் பக்கமா நில்லுங்கோ, பின்னேரம் மேற்கால. திரையில பறவையைத் தொட்டுப் பிடிச்சு வெளிச்சத்தை ஒரு படி கூட்டினால் வானம் வெளிறிப் போகும், நெஞ்சு தெளியும். வானம் கெட்டால் கெடட்டும். 8x42 தொலைநோக்கி ஆரிட்டயாவது இருந்தால் அதின்ர கண்ணாடியில கைத்தொலைபேசியின்ர லென்சை ஒட்டப் பிடிச்சு எடுக்கலாம், ரெண்டையும் சுவரில ஊண்டிப் பிடியுங்கோ. கிட்டப் போகாதேங்கோ. உடம்பை ஒடுக்கி, கழுத்தை நீட்டி, எச்சம் போட்டால் அடுத்த நொடி பறக்கப் போகுது எண்டு அர்த்தம்.

கிணத்தடி_வேம்பு:

இண்டைக்கு காலமை குசினி யன்னலுக்குள்ள நிண்டு பார்த்தனான். முன்விரல் மூண்டு, பின்விரல் ஒண்டு, நகம் கறுப்பு. தொண்டை நடுவால ஒரு கோடு இறங்குது, பென்சிலால கீறின மாதிரி மெல்லிசு. வால் பட்டி அஞ்சு. கறுத்தப் பட்டியிலும் பார்க்க நடுவில இருக்கிற சாம்பல் இடைவெளி அகலம். கண்ணுக்கு மேல வெள்ளையா மங்கலா ஒரு புருவம்.

அப்ப அக்காக்குயில் இல்லை. பெஸ்ரா எண்டது?

பனங்கூடல்:

வல்லூறு போலவே தோற்றமளிக்கும் வேறொரு இனம்தான் பெஸ்ரா. அதையும் தள்ளிவிடலாம். நீங்கள் எழுதிய இரண்டு குறிப்புகளே போதும். பெஸ்ராவின் தொண்டைக் கோடு தடித்த மை அடித்ததுபோல் அகலமாக இருக்கும்; வல்லூற்றுக்கு மெல்லியது. பெஸ்ராவின் வாலில் கறுத்தப் பட்டியும் வெளிர் பட்டியும் ஏறத்தாழ ஒரே அகலம். வல்லூற்றில் இடைவெளி அகலம். விரலும் உதவும்: பெஸ்ராவின் நடுவிரல் மெலிந்து நீண்டிருக்கும், பறக்கும் குருவியைப் பிடிப்பதற்கு ஏற்றபடி. வல்லூற்றின் விரல் கட்டையும் தடிப்பும். ஓணான், அணில், எலி, பல்லி, வெட்டுக்கிளி என்று தரையிலும் தண்டிலும் அமுக்கிப் பிடிக்கிற கால் அது.

அதோடு இடம். இலங்கையில் பெஸ்ரா அடர்காட்டுப் பறவை. கொண்டை வல்லூறும் காட்டை விட்டு இப்படி வெளியே வராது. பனையும் மாவும் வேம்பும் கிணறும் உள்ள வளவு வல்லூற்றின் வீடு. செயலிக்குப் படம் மட்டும் கொடுத்தால் ஒத்த முகத்தை எல்லாம் வரிசைப்படுத்தும். இடத்தையும் திகதியையும் சேர்த்துக் கொடுத்து மறுபடி பாருங்கள்.

மார்கழியை ஒட்டி இதே கேள்வி வந்திருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். அப்போது சிற்றெழால் போன்ற வலசைப் பறவைகளும் யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கும். சிற்றெழாலின் முதுகு செங்கல் நிறம். வெளியில் ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும். வல்லூறு அப்படி நிற்காது.

ஒரு செய்தி, அடையாளத்துக்குத் தேவையில்லை, ஆனால் இந்த மண்ணுக்கு உரியது. இந்தப் பறவைக்கு 1788இல் விஞ்ஞானப் பெயர் இடப்பட்டபோது ஆதாரமாக நின்றது இலங்கைப் பறவைதான். அக்சிபிட்டர் பேடியஸ் என்று நெடுங்காலம் இருந்த பெயர் 2024இல் டாக்கிஸ்பைசா பேடியா என்று மாறியது. செயலியிலும் புத்தகத்திலும் இரண்டு பெயரைப் பார்த்தால் இரண்டு பறவை என்று குழம்ப வேண்டாம். பழக்கி வேட்டையாடிய காலத்தில் பெண்ணைத்தான் ஷிக்ரா என்றார்கள், ஆணுக்குச் சிப்கா என்று வேறு பெயர். பெண் உருவத்தில் பெரிது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

கொல்லைப்பட்டி:

கோழிக்குஞ்சுப் பக்கம் ஒருத்தரும் வரேல்லை, அதை நான் எழுதுறன்.

வல்லூறு நிறுத்தால் கூடினது கால் கிலோ. தன்ர நிறைக்கு மேலயுள்ளதைத் தூக்காது. அதனால நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு ஆபத்து முதல் ரெண்டு மாதத்துக்குத்தான். அதுக்குப் பிறகு தாய்க்கோழியோட வளவில விடலாம். இப்ப மூண்டு கிழமை எண்டால் இன்னும் அஞ்சாறு கிழமை மூடி வையுங்கோ.

பதினொரு குஞ்சுக்கு ஆறடி நீளம், நாலடி அகலம், ரெண்டடி உயரம் போதும். ஒரு அங்குலக் கண் கோழிவலை வாங்குங்கோ. ரெண்டு அங்குலக் கண் வேண்டாம், குஞ்சு தலையை வெளியில நீட்டும், அங்கதான் அடிபடும். மேலயும் வலை வேணும். நாலு பக்கமும் அடைச்சுப்போட்டு மேலைத் திறந்து விடுறதுதான் கனபேர் விடுற பிழை. மேல்வலையின்ர பாதிக்குக் கிடுகு போட்டால் வெய்யிலும் மறையும், குஞ்சுகள் ஓடி ஒளிக்கவும் இடம் கிடைக்கும். அடியில வலையை ஆறு அங்குலம் வெளிப்பக்கமா மடிச்சு மண்ணில புதையுங்கோ. அது வல்லூற்றுக்கு இல்லை, கீரிக்கு. கீரி வேலியோரத்தில கிண்டத் தொடங்கினால் அந்த மடிப்பில முட்டி விட்டிடும்.

பழைய மீன்வலையை மேல போடாதேங்கோ. தங்கூசி வலை பறவையின்ர கண்ணுக்குத் தெரியாது. பாய்ஞ்சு விழுந்து சிறகும் காலும் சுத்துப்பட்டு, இழுக்க இழுக்க இறுகும். வல்லூறு மட்டுமில்லை, செம்பகமும் சாரைப்பாம்பும் அதில சாகும். கோழிவலையை விறைப்பா இழுத்துக் கட்டினால் மோதினாலும் துள்ளிப் போகும்.

பழைய சீடீ கட்டித் தொங்க விடுறது நாலு நாளைக்கு வேலை செய்யும், பிறகு பறவை அதுக்குப் பழகிடும். எலிமருந்து வளவில வைக்கிறீங்கள் எண்டால் நிப்பாட்டுங்கோ. மருந்து திண்ட எலி உடன சாகாது, ஒண்டு ரெண்டு நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுற எலிதான் வேட்டை தெரியாத குஞ்சுக்கு லேசான இரை. பொறி வையுங்கோ.

கிணத்தடி_வேம்பு:

நன்றி. வலை இண்டைக்கே வாங்குறன்.

ஒரு அவசரக் கேள்வி. பின்னேரம் ஆறேழு காகம் சேர்ந்து கலைக்க, பறவை பூவரசம் வேலியடியில தரையில இறங்கிட்டுது. சிறகைத் தொங்கப் போட்டு வாயைத் திறந்துகொண்டு நிக்குது. பிடிச்சுக் கூட்டில வைச்சுத் தண்ணி குடுக்கவா?

வெளிச்சவீடு:

தண்ணீர் கொடுக்க வேண்டாம். முதலில் இதை வாசியுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது வெப்பத்தாலும் பயத்தாலும். காயம் என்று அர்த்தமில்லை. நாய், பூனையைக் கட்டுங்கள். காகங்களைக் கையைத் தட்டிக் கலைத்துவிட்டு வீட்டுக்குள் போய் யன்னலால் ஒரு மணித்தியாலம் பாருங்கள். பெரும்பாலும் தானாக வேலியில் தாவி, கொப்புக்குக் கொப்பு ஏறிவிடும். இந்த வயதுக் குஞ்சு தரையில் இறங்குவது வழமை. தாய் தகப்பன் கத்தலைக் கேட்டு அங்கேயே இரை கொண்டுவரும்.

இரண்டு சிறகும் ஒரே உயரத்தில் தொங்கினால் களைப்பு. ஒன்று மட்டும் தாழ்ந்து தொங்கினால், இரத்தம் தெரிந்தால், ஒரு காலில் பாரம் போடாவிட்டால், கிட்டப் போனால்கூட நகராவிட்டால், காயம். காலிலும் சிறகு மூட்டிலும் நூல் சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டப்போட்டி முடிந்து மாதங்கள் போனாலும் அறுந்த நூலும் தங்கூசியும் குடாநாடெங்கும் பனை வட்டிலும் மாங்கொப்பிலும் கிடக்கும். நூல் சுற்றியிருந்தால் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள். இழுத்து உருவக் கூடாது, தோல் கிழிந்துவிடும்.

காயமில்லை, ஆனால் இருட்டப் போகிறது, பூனை சுற்றுகிறது என்றால் மட்டும் தூக்குங்கள். தடித்த துவாயை மேலிருந்து தலையோடு சேர்த்துப் போடுங்கள். கண் மறைந்ததும் பாதிக்கு மேல் அடங்கும். கடிப்பது பயப்படத்தக்கதில்லை, நகம்தான் ஆபத்து. ஆகவே இரண்டு காலையும் துவாய்க்கு மேலால் சேர்த்துப் பிடித்து, சிறகை உடம்போடு அணைத்துத் தூக்கி, அதே மரத்தில் எட்டும் உயரக் கொப்பில் வைத்துவிட்டு விலகுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. ஒதுக்காது.

காயம் என்றால் 40 செ.மீ. நீள மட்டைப்பெட்டி, அடியில் மடித்த துணி, பக்கங்களில் கீழ்ப்புறமாகப் பத்துப் பன்னிரண்டு விரல்நுனித் துளை. மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கம்பிக்கூடு வேண்டாம், அடித்து அடித்து வாலிறகும் சிறகிறகும் முறியும். முறிந்த இறகு அடுத்த இறகு மாற்றம் வரை வளராது, அதுவரை அது ஒழுங்காக வேட்டையாட முடியாது.

இனித் தண்ணீர் ஏன் கூடாதென்று. பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் வேர்ப்பகுதியில், வாய்க்குள்ளேயே திறந்து கிடக்கிறது. நீங்கள் ஊற்றும் துளி நேரே அதற்குள் இறங்கும். தண்ணீர் இரையிலிருந்தே அதற்குக் கிடைக்கும். பாண், பால், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். வெறும் இறைச்சித் துண்டும் தொடர்ந்து கொடுத்தால் கெடுதல்: எலும்போடு முழு இரை தின்று வளரும் குஞ்சு அது, சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் எலும்பு வளைந்துவிடும்.

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுத்து இடத்தையும் காயத்தையும் சொல்லுங்கள். இரவில் வைத்திருப்பது அவர்கள் வரும்வரைக்கும் மட்டும்தான். வல்லூற்றை வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

கிணத்தடி_வேம்பு:

தூக்கத் தேவை வரேல்லை. அம்பது நிமிசத்தில பூவரசில ஏறி, பிறகு மாமரத்துக்குப் போட்டுது. சிறகு ரெண்டும் சமனாத்தான் இருந்தது, நூல் ஒண்டும் இல்லை. இருட்ட முதல் சாம்பல் நிறத்தில ஒண்டு வந்து மேல்கொப்பில எதையோ குடுத்திட்டுப் போனது. கண் சிவப்பு.

கத்தல் இப்ப ரெண்டு பக்கத்தால கேக்குது. மாமரத்தில ஒண்டு, லைட் கம்பிப் பக்கம் ஒண்டு. ரெண்டாவது குஞ்சும் இருக்கோ?

பனங்கூடல்:

சிவப்புக் கண், சாம்பல் முதுகு: அது தகப்பன். இரண்டாவது குஞ்சு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று நாலு முட்டை இடும், 18 முதல் 21 நாள் அடைகாக்கும், ஒரு கூட்டுக் குஞ்சுகள் கொஞ்ச நாள் அருகருகே திரியும்.

ஆனால் கம்பியில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எண்ணுங்கள். இரட்டைவால் குருவி வல்லூற்றின் குரலை அப்படியே எடுத்துவிடும், எங்கள் பக்கம் கம்பிக்குக் கம்பி அது நிற்கும். வல்லூற்றுக் குஞ்சு அந்த ஒரே கத்தலைத்தான் திருப்பித் திருப்பிக் கத்தும். குருவியானால் இரண்டு மூன்று தரம் 'கீ-யீ' என்றுவிட்டு நடுவே தன் சொந்தக் கரகரப்பையும் சேர்த்துவிடும்.

கிணத்தடி_வேம்பு:

கம்பியில நிண்டது இரட்டைவால் குருவிதான். மாமரத்தில ஒண்டு மட்டும்.